பச்சையம்மாளுக்கும் முனியம்மாளுக்கும் நடுவில்

"உள்ள பேர் கேட்டா பூங்காவனம்னு சத்தமா சொல்லணும், சரியாம்மா?" என்றான் முகுந்தன். சொல்லுவான், ஏன் சொல்ல மாட்டான். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரார் பிள்ளைகளின் பேரையெல்லாம் தினம் காலையில் கூவிக் கூப்பிட்டவளுக்குச் சொந்தப் பேரைச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டான் நான் பெற்ற பிள்ளை. பூங்காவனம். கணவர் ஏகாம்பரம், காலமாகிவிட்டார். தலைமையாசிரியை, ஓய்வு. வெள்ளேரி மில்லு ஸ்கூல். போதுமா? கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். கழுத்தில் அட்டை மாட்டிய பெண் ஒருத்தி ஓடி வந்து, "வயசானவங்க நிக்க வேணாம் பாட்டி, நேரா உள்ள போங்க" என்று கையைப் பிடித்தாள். வரிசை என்றால் வரிசைதான் என்று கையை விடுவித்துக்கொண்டேன். இந்தப் பள்ளிக்கூடத்தில் வரிசையை உடைத்தவர்களை வெயிலில் நிற்க வைத்தவள் நான். "நீ அந்தக் கேட்டாண்டயே நில்லு. ஒத்தையா போய் ஓட்டுப் போட்டுட்டு ஒத்தையா வருவேன்" என்று சொல்லிவிட்டேன். நிற்கிறான், என் கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு. ஹேமாவாகத்தான் இருக்கும், என் மருமகள். முந்தாநாள் சமையல்கட்டில் நின்று அவளிடம் அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். என் காதுக்கு ஒரு கேடும் இல்லை. செங்கல்பட்டுக்கு அந்தாண்ட வயசானவங்களுக்கு ஒரு ஹோமாம். சுத்தமா இருக்குதாம், நர்ஸ் இருக்காங்களாம். "பெட்டு ஒண்ணு காலியாவுதாம். எலெக்‌ஷன் முடியட்டும் ஹேமா. அன்னிக்கு அம்மா எப்படி நடந்துக்கறாங்கன்னு பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்" என்றான். ஆக, இன்றைக்கு எனக்குப் பரீட்சை. பாடம் சின்னப் பாடம்தான். வரிசையில் நிற்கணும், பேரைச் சொல்லணும், விரலை நீட்டணும், பொத்தானை அழுத்தணும், போன வாசலை விட்டுவிட்டு அடுத்த வாசல் வழியாக வெளியே வரணும். ஒன்றாம் வகுப்புக் குழந்தை செய்துவிடும். செய்துவிட்டால் என் வீடு, என் கட்டில், என் ஜன்னல். செய்யாவிட்டால் அந்தப் பெட்.

வெயில் அதற்குள் ஏறிவிட்டது. வராந்தா வரைக்கும் சாமியானா போட்டிருக்கிறார்கள், அதன் ஓட்டை வழியாக வெயில் சரியாக என் உச்சந்தலையில் விழுகிறது. சுவரில் ஒட்டிய தாளில் 'வாக்கு சாவடி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நடுவில் ச் எங்கே? ஒற்றைத் தின்றுவிட்டு எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை வாக்கு என்று நிறுத்தி, மூச்சு விட்டு, சாவ என்று ஆரம்பித்து, அப்புறம்தான் சாவடிக்கு வந்து சேரும். ஒரு சாக்பீஸ் இருந்தால் போதும், நானே போட்டுவிடுவேன். கைப்பையில் எப்போதும் ஒரு துண்டு வைத்திருப்பேன், பை அவனிடம் இருக்கிறது, கண்ணாடியும் அதில்தான் இருக்கிறது. போகட்டும். சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், கேமராவுக்குத் தெரிகிற உயரம் வரைக்கும். மேலே ஒட்டடை அப்படியே தொங்குகிறது. பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன்தான் இந்தப் பூட்டைத் திறக்கிறார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் ஊரே இங்கே வந்து வரிசையில் நிற்கிறது. பிள்ளைகளைச் சேருங்கள் என்று வீடு வீடாக நான் ஏறி இறங்கினபோது இதில் ஒருத்தரும் வந்து நிற்கவில்லை. சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை வருகிறது, முன்னால் நிற்கிற பெண்ணின் தலை எண்ணெய் இல்லை, வியர்வையும் இல்லை, தவிட்டு வாசனை. அரிசி மில்லை இடித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்தத் தரையில் அப்போது நெல் காய்ந்துகொண்டிருக்கும். ஆதிமூலம் வாத்தியார் மில் முதலாளி வீட்டு வாசலில் தினமும் போய் நின்று நின்று, அறுப்பு இல்லாத மாசங்களில் இங்கே இருந்த மில் கொட்டகையைப் பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்கினார். சாக்கைப் போட்டு உட்கார வைத்தார். தலையெல்லாம் தவிடாக வீட்டுக்குப் போவோம், பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறதா மில்லிலிருந்து வருகிறதா இந்தக் கழுதை என்று அம்மா விளக்குமாற்றாலேயே முதுகைத் தட்டுவாள். பிறகு ஓடு போட்டார்கள், பிறகு தளம் போட்டார்கள், நீளமாக ஒரு பெயர்ப்பலகை வந்தது. ஒரு ஜனமும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. மூடுகிற அன்றைக்கும் மில்லு ஸ்கூலை மூடிட்டாங்களாமே என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. நானும் நகர்ந்தேன், பார்த்தாயா முகுந்தா, நகர்ந்தேன். பயம் வந்தால் நான் மனசுக்குள் பேர் கூப்பிடுவேன். அவரை ஆஸ்பத்திரியில் உள்ளே வைத்துக்கொண்டு என்னை வெளியே பெஞ்சியில் உட்கார வைத்தார்களே, அன்றைக்கும் அதைத்தான் செய்தேன். எந்த வருஷத்து வகுப்பை வேண்டுமானாலும் கூப்பிடலாம், ஆனால் முதல் வகுப்பு எங்கள் வகுப்புத்தான். நான் படித்ததும் இங்கேதான், பாடம் நடத்தியதும் இங்கேதான். ஆதிமூலம் வாத்தியார் பேர் கூப்பிட்டால் ஆஜர் என்று சொல்லக் கூடாது, டவுன் பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி பிரசென்ட் சார் என்றும் சொல்லக் கூடாது. எழுந்து நின்று கையைக் கட்டி உள்ளேன் ஐயா என்று சொல்லணும். "வந்திருக்கறது வேற, உள்ளேன்றது வேற. ஒடம்பைக் கொண்டாந்து சாக்குல போட்டுட்டு மனசை ஏரியில உட்டவன் உள்ளேன்னு சொல்லாத. வரலைன்னு சொல்லிடு, நான் ஒண்ணும் அடிக்க மாட்டேன்" என்பார். ஒருத்தரும் வரலை என்று சொன்னது கிடையாது. அகர வரிசை மனசில் பதிய வேண்டும் என்று பேர்களையும் அப்படியே அடுக்கி வைத்திருந்தார், பையன்கள் முதலில், பெண்கள் பிறகு. பெண்களை மட்டும் கூப்பிடுகிறேன். அஞ்சலை, உள்ளேன் ஐயா. எல்லம்மாள், உள்ளேன் ஐயா. கன்னியம்மாள், குப்பம்மாள், சரோஜா, தனபாக்கியம், நாகபூஷணம், பச்சையம்மாள். அப்புறம் ஒன்று. அப்புறம் முனியம்மாள், வேதவல்லி. என்னது இது, நடுவில் ஒன்று விட்டுப்போகிறதே. மறுபடியும். நாகபூஷணம், பச்சையம்மாள். ஐயாவின் வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, பிறகு முனியம்மாள். பச்சையம்மாளுக்கும் முனியம்மாளுக்கும் நடுவில் ஒருத்தி இருந்தாள். நிச்சயமாக இருந்தாள், அந்த இடத்தில் குரல் கொஞ்சம் ஏறி இறங்கும். பா, பி, பு, பூ, பெ, பொ. பாக்கியம் இல்லை, அது எதிர்வீட்டுக்காரி. பொன்னம்மாள் இல்லை, அவள் எங்களுக்கு அடுத்த செட்டு. இன்றைக்குப் பார்த்தா இது மறக்கணும். இதை முகுந்தனிடம் சொல்ல முடியாது, சொன்னால் தீர்ந்தது, அதற்கு டாக்டர் வைத்திருக்கிற பேரைச் சொல்லுவான், டிமென்ஷியா. துணிக்கடையில் புதிதாக இறங்கியிருக்கிற சேலை மாதிரி இருக்கிறது பேர்.

"டீச்சர், வணக்கம் டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவன் குனிந்து கும்பிட்டான். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, சிரிப்பு. உலகத்திலேயே கொடுமையான கேள்வி இதுதான். பரீட்சைக்கு வராத பாடத்திலிருந்து கேட்கிற கேள்வி. முகுந்தன் போனை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் பார்க்கிறான். இவன் யார்? கண்ணைப் பார், மூக்கைப் பார், எல்லோருக்கும் இருக்கிற மூக்கு. ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். "தெரியாம என்னடா? இன்னும் கையெழுத்து கோழிக் கிறுக்கல்தானா?" என்று கேட்டேன். அவன் அப்படியே பூரித்துப்போய்விட்டான். "பாத்தீங்களா, டீச்சர் கரெக்டா ஞாபகம் வெச்சிருக்காங்க! தாமோதரன் டீச்சர், மூணாங்கிளாசு. லகரத்துக்கு எவ்ளோ அடி வாங்கியிருக்கேன் உங்ககிட்ட" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையடித்துக்கொண்டான். அடி வாங்கியிருப்பான். எல்லோருமே வாங்கியிருக்கிறார்கள். "டீச்சர் மாதிரி யாரு இப்ப சொல்லித் தர்றாங்க, இந்த ஸ்கூலைப் போய் மூடிட்டானுங்களே" என்று அவன் சொன்னதும், உன் பிள்ளைகள் எங்கேடா படித்தார்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டிய நாள். கேட்டருகே முகுந்தன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்தது, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எனக்கு அழுகை வந்தது. ஏமாற்றித்தான் பாஸ் செய்கிறேன், பார்த்து எழுதுகிற பிள்ளை மாதிரி. தாமோதரன் என்கிற பேரை உடனே நாலு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், அவன் வரிசை முன்னால் நகர்ந்து போய்விட்டது, முகமும் கூடவே போய்விட்டது.

போன மாசம் நடந்ததைத்தான் பெரிசுபண்ணுகிறார்கள். என்ன பெரிசாக நடந்துவிட்டது? காலையில் குளித்து, சேலை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். கேட் பூட்டியிருந்தது. பூட்டை ஆட்டினேன். நேரம் ஆகிவிட்டது, பிள்ளைகள் தெருவில் நிற்கும், ஆயாவைக் காணோம் என்று இரண்டு சத்தம் போட்டேன், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் வந்து, "ஸ்கூலுதான் இல்லியே டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரியாதா, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு அப்போது நிஜமாகவே தெரியவில்லை. அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்தது என்று யாரிடமும் சொல்ல முடியாது, கால் வைத்த இடத்தில் படி இல்லாமல் போகிற மாதிரி. மூடிவிட்டார்கள், ஆமாம், மூடிவிட்டார்கள். ஒரே நாளில் மூடவில்லை. ஏரியை மனை போட்டு விற்ற காலத்தில் ஜனம் வந்து குவிந்தது, ரயில்வேக்காரர்கள், கம்பெனிக்காரர்கள், உட்கார இடமில்லாமல் காலையில் பாதி மத்தியானம் பாதி என்று பிரித்து நடத்தினோம், மரத்தடியில் நாலாம் வகுப்பு. அப்புறம் மஞ்சள் வேன்கள் வந்தன. முதலில் ஒன்று வந்தது, பிள்ளைகள் கை காட்டின. பிறகு ஒவ்வொரு தெருவாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. மே மாச வெயிலில் நான் கதவைத் தட்டினால் மோர் கொடுத்து உபசரிப்பார்கள், பிள்ளையை மட்டும் கொடுக்க மாட்டார்கள். "நீங்க நல்லாத்தான் சொல்லித் தர்றீங்க டீச்சர். ஆனா டை இல்லியே" என்றாள் ஒருத்தி. டை. கழுத்தில் சுருக்குப் போட்ட மாதிரி ஒரு துணி இல்லாததால் என் பள்ளிக்கூடம் செத்தது. நான் ஓய்வு பெற்றபோதே வகுப்புகள் ஓட்டை விழுந்து கிடந்தன. கடைசியில் இரண்டு பிள்ளைகள் மிச்சம், கட்டடம் கட்ட ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள், அக்காளும் தம்பியும். தமிழே தெரியாது, ஆனால் உள்ளேன் ஐயா என்று மட்டும் அழகாகச் சொல்லும் என்று கடைசி டீச்சர் ஜெனிபர் சொல்லுவாள். அவள் பெண்பிள்ளை, ஐயா இல்லை. இருந்தாலும் ஐயா என்றுதான் சொல்ல வைத்தாள், ஆதிமூலம் வாத்தியாருக்காக. அந்தக் கட்டட வேலை முடிந்து அவர்கள் போனார்கள், வேலையும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. பூட்டின அன்றைக்கு ஜெனிபர் எனக்கு போன் செய்தாள். கடைசியாக ஒரு தடவை பேர் கூப்பிட்டேன் மேடம், ரூம்ல யாருமே இல்ல, ஆனா கூப்பிட்டேன் என்று அழுதாள். அசடு என்று திட்டினேன். அன்றைக்கு நானும் சாப்பிடவில்லை.

இந்தப் பெண் ஏன் வரமாட்டேன் என்கிறாள்? அந்தப் பெண்ணைச் சொல்கிறேன், பச்சையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளை. சாக்கில் உட்கார்ந்தால் அவள் வலது பக்கம் பச்சையம்மாள், இடது பக்கம் தூண். தூணில் எறும்பு ஏறும். அவள் கால் தெரிகிறது, புழுதி படிந்த கால், ஒரு காலில் மட்டும் கொலுசு, இன்னொன்றை ஏரியில் தொலைத்துவிட்டு அடி வாங்கியவள். கை தெரிகிறது, சுண்டுவிரலில் குச்சி குத்திய தழும்பு. சிலேட்டு தெரிகிறது, மூலையில் கீறல், அதில் அ எழுதியிருக்கிறது, சுழி சரியாக வந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் சிலேட்டு சாய்வாகத்தானே தெரியணும், எனக்கு நேராகத் தெரிகிறது. முகம்தான் வரவில்லை. எவ்வளவு கிட்டே போனாலும் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. சோறு கிடைக்காமல் நின்றவளும் அவள்தான், இப்போது ஞாபகம் வருகிறது. மத்தியானச் சோறு போட ஆரம்பித்த புதிதில் நான்தான் சட்டாம்பிள்ளை, தலைகளை எண்ணி ஆயாவிடம் சொல்வது என் வேலை. சரியாகத்தான் எண்ணுவேன், விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணுவேன், ஆனாலும் தினமும் ஒரு தட்டுக்குச் சோறு குறையும். ஆயா தலையில் அடித்துக்கொண்டு சட்டியின் அடியைச் சுரண்டி அவளுக்குப் போடுவாள், கருகின சோறு, கசக்கும், பல்லில் ஒட்டிக்கொள்ளும். கசக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லியிருப்பாள். மற்றவர்கள் கதை எல்லாமே எனக்குத் தெரியும், அதுதான் வேதனை. எல்லம்மாள் எருமையைத் தேடி ஏரியில் இறங்கினாள், எருமை மட்டும் வீட்டுக்கு வந்தது. மறுநாள் ஐயா பேர் கூப்பிடும்போது பழக்கத்தில் எல்லம்மாள் என்று கூப்பிட்டுவிட்டார், கூப்பிட்டுவிட்டு வெளியே போய் நெடுநேரம் சுவரைப் பார்த்து நின்றார். அஞ்சலை முதல் பிரசவத்தில் போனாள். தனபாக்கியத்துக்கு ஸ்டவ் வெடித்தது என்று சொன்னார்கள், அவளுடைய மாமியாருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. பச்சையம்மாள் ரயில் கேட்டில். சரோஜா பம்பாய்க்குப் போனாள், கடுதாசி நின்றது, அப்புறம் தந்தி வந்தது. முனியம்மாளை இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் போய்ப் பார்த்தேன், மாலையோடு. யாரும் மிச்சமில்லை. இவள் ஒருத்தியைத்தான் செத்துப்போனதாக யாரும் சொல்லவில்லை. எங்கோ இருக்கிறாள், ஒருவேளை இந்த வரிசையிலேயே நிற்கிறாள், அவளைக் கூப்பிடத்தான் எனக்குப் பேர் இல்லை.

"பாட்டி, கார்டை கைல எடுத்து வெச்சுக்கங்க, கிட்ட வந்தாச்சு" என்றாள் முன்னால் நின்ற பெண். இடுப்பில் குழந்தை, அது என்னையே பார்க்கிறது. நீ எந்த ஸ்கூல் என்று கேட்டேன். "மூணு வயசுதான் ஆவுது பாட்டி, இந்த வருசம்தான் சேக்கணும்" என்றாள். இங்கேயே சேர்த்துவிடு, நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்றேன். அவள் ஒரு மாதிரி சிரித்துவிட்டுக் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. திரும்பிப் பார்த்தேன், கேட் தூரத்தில் இருந்தது, கைப்பையை இடுக்கிக்கொண்டு நிற்கிறவன் தெரிந்தான், முகம் வெயிலில் கரைந்துபோயிருந்தது. பாடத்தை ஒரு தடவை திருப்பிப் பார்ப்போம். வரிசையில் நிற்கணும், நின்றாயிற்று. பேர் கேட்டால் சொல்லணும். பேர் கேட்டால் என்ன சொல்லணும் என்று காலையில் அவன் சொல்லிக்கொடுத்தான். டீச்சர் என்று சொல்லலாம், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவர் இருந்தவரைக்கும் இந்தா என்று கூப்பிட்டார். முகுந்தன் அம்மா என்கிறான், அதிலும் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது அதையும் சொல்லவிடவில்லை, வகுப்புக்குள் டீச்சர் என்றுதான் கூப்பிடணும் என்று கண்டித்து வைத்திருந்தேன். வேறொன்று சொன்னான் காலையில். சத்தமாகச் சொல்லணும் என்றான், என்ன என்பதை விட்டுவிட்டுச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பரவாயில்லை, என் கையில் அவன் திணித்துவிட்ட அட்டையில் எழுதியிருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தேன், கண்ணாடி இல்லாமல் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. ஒரு கிழவியின் போட்டோ மட்டும் தெரிகிறது. யாரோ. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பேர் கூப்பிட மறந்துவிட்டார்களோ என்று பார்க்கிற மாதிரி பார்க்கிறாள். உள்ளங்கை வேர்த்து அட்டை நழுவியது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வாசல்படி. இந்தப் படியில் ஒரு ஓரம் உடைந்திருக்கும், வலது காலைத்தான் முதலில் வைக்கணும், கால் தானாக வைத்தது. காலுக்கு எல்லாம் தெரிகிறது. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மூன்றாம் வகுப்பு அறை. கரும்பலகை இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சதுரம், அதன் கீழே மேஜை, மேஜைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்டு ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், மூக்குநுனிக்குக் கண்ணாடி இறங்கியிருக்கிறது, விரலை ஒவ்வொரு பேராக வைத்துக்கொண்டே வருகிறார். ஓரமாக நாலைந்து பேர் பெஞ்சியில் உட்கார்ந்து கையில் பென்சிலோடு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தரும் பேசவில்லை. பேர் கூப்பிடுகிற நேரத்தில் பேசக் கூடாது, நல்ல பிள்ளைகள். தவிட்டு வாசனை மூக்கை அடைக்கிறது. முன்னால் நின்ற பெண் குழந்தையோடு மேஜையிடம் போனாள், அவர் என்னவோ பேர் சொன்னார், ஆமாம் சார் என்றாள். உள்ளேன் ஐயா என்று சொல்லத் தெரியவில்லை பார், புதுசு. அட்டையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். விரல் இறங்கி வந்தது. நிமிர்ந்து பெஞ்சியில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி உரக்கக் கூப்பிட்டார்.

"பூங்காவனம்!"

அதுதான். அதேதான்! பச்சையம்மாள், பூங்காவனம், முனியம்மாள். ப, பூ, மு. குரல் அந்த இடத்தில் ஏறி இறங்கியது, நான் சொன்னேனே. காலையிலிருந்து தேடி அலைகிறேன், ஐயா மறக்கவே இல்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் தளும்பிவிட்டது. திரும்பித் தூணோரம் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சிப் பிள்ளைகள் என்னைப் பார்த்தன, நான் அவர்களைப் பார்த்தேன். "பூங்காவனம், கணவர் பேரு ஏகாம்பரம்" என்று அவர் மறுபடியும் கூப்பிட்டார். கணவரா? அதற்குள் கட்டிக்கொடுத்துவிட்டார்களா அந்தக் குழந்தையை? பாவிகள், சுழி எவ்வளவு அழகாகப் போடுவாள், அதனால்தான் அவளைக் காணவே காணோம். "நீங்கதானம்மா?" என்று யாரோ கேட்டார்கள். வெளியே செருப்புச் சத்தம் ஓடி வந்தது, வாசலில் கைப்பையோடு ஒருவன் வந்து நின்று அம்மா என்றான். வகுப்பு நடக்கும்போது வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டு அழுகிற பிள்ளைகள் உண்டு. திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் அழுகை நிற்காது, இரண்டு நாளில் பழகிவிடும். ஐயா காத்துக்கொண்டிருக்கிறார். பதில் வராத பேருக்குச் சட்டாம்பிள்ளைதான் எழுந்து பதில் சொல்லணும். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"அவ வரலைங்க ஐயா" என்றேன். "நல்லாப் படிக்கிற பொண்ணு. இனிமே வருவான்னு தோணல."